நிலமும் நீரும்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் வட்டாரங்களிலிருந்து வந்தவை. ஆகவே செட்டிநாட்டின் பாறை, நீர், கண்மாய் ஆகியவை பற்றிய கேள்விகள் மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் நல்ல குடிநீர் கிடைக்கிறது. குன்றக்குடிக்கு மேற்கே வாழ்க்கைப்பட்ட என் தங்கை வீட்டுத் தண்ணீரிலோ பருப்பு வேகுவதில்லை, சோப்பு நுரைப்பதில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே அதிகத் தொலைவும் இல்லை, மழையும் ஒன்றுதான். இந்த வேறுபாடு ஏன்?
– வாசகி, காரைக்குடி

பதில்: மழை ஒன்றுதான், அது இறங்கிப் போகும் நிலம் ஒன்றல்ல. உங்கள் இரு வீடுகளுக்கும் இடையே, மண்ணுக்கடியில், இருவேறு பாறை வகைகள் சந்திக்கின்றன. பிள்ளையார்பட்டியில் குடைவரைக் கோயில் வெட்டப்பட்ட குன்று, குன்றக்குடி மலை, வடக்கே திருமயம் கோட்டையைத் தாங்கும் பாறை ஆகியவை பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான படிகப் பாறைகள். அவற்றின் வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. காரைக்குடியிலும் அதற்குக் கிழக்கிலும் இந்தப் பாறை ஆழத்துக்குப் போய்விட, அதன் மேல் மணலும் களியும் மாறி மாறிப் படிந்த இளைய படிவப் பாறைகள் கிடக்கின்றன. நிலவியலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்டிருக்கும் படிவம் இவற்றில் முக்கியமானது. அதன் தலையில் செம்புறாங்கல் மூடியிருக்கிறது. பழைய வீடுகளின் சுற்றுச்சுவரிலும் ஊருணிப் படித்துறைகளிலும் துளை துளையாகத் தெரியும் அதே செங்கல் நிறக் கல்தான் அது.

செம்புறாங்கல் உருவாகும் விதத்தைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வெப்பமும் ஈரமும் மாறி மாறி நிலவும் நாடுகளில், பல லட்சம் ஆண்டுகளாக இறங்கும் மழைநீர், பாறையிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், சோடியம் போன்ற கரையும் பொருள்களையும் சிலிக்காவில் ஒரு பகுதியையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. கேரளத்தின் அங்காடிப்புரம் பகுதியில் இக்கல்லைப் பார்த்து, 1807-இல் வெளியான தம் பயண நூலில் 'லேட்டரைட்' என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். வெட்டும்போது மென்மையாக இருந்து, வெயில் பட்டபின் இறுகும் அதன் இயல்பையும் அவர் குறித்திருக்கிறார்.

ஆக, காரைக்குடியில் பெய்யும் மழை ஏற்கெனவே கழுவித் துடைக்கப்பட்ட கல்லின் வழியாகவும் மணலின் வழியாகவும் இறங்குகிறது. கரைத்துக்கொள்ள அங்கே உப்பு அதிகம் இல்லை. எனவே நீர் மென்னீராக இருக்கிறது. சம்பை ஊற்றுத் தண்ணீருக்கு உங்கள் ஊரில் இருக்கும் பெருமையை இந்த வகையில்தான் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தங்கை ஊரில் நீர் தங்குவது பாறையின் வெடிப்புகளிலும், பாறை சிதைந்து உண்டான மேல் அடுக்கிலும். அங்கே பெல்ட்ஸ்பார், கருப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்கள் இன்னும் சிதைந்துகொண்டிருப்பதால் கால்சியமும் மக்னீசியமும் நீரில் சேர்ந்து கடினத்தன்மையைத் தருகின்றன. கருப்பு அபிரகத்திலிருந்தும் அபடைட் என்னும் கனிமத்திலிருந்தும் புளோரைடும் வரலாம். பருப்பு வேகாததை விட இதுவே கவனிக்க வேண்டியது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கப்படுகிறது. புளோரைடுக்கு நிறமும் சுவையும் இல்லை. உங்கள் தங்கையை ஒரு முறை தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அந்த நீரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் எங்கள் பக்கத்தில் குறி சொன்ன இடமெல்லாம் தண்ணீர் வந்திருக்கிறது. அறிவியல் இதை ஏன் ஏற்க மறுக்கிறது?
– வாசகர், புதுவயல்

பதில்: மணற்கல் படிவம் தொடர்ந்து பரவியிருக்கும் இடத்தில், எங்கே துளையிட்டாலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நீர் வரும். அங்கே தேங்காய் தவறுவதற்கு வழியே இல்லை. அதே மனிதரைக் கடினப் பாறைப் பகுதிக்கு அழைத்துச் சென்று, அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்களிலும் துளையிட்டுப் பார்த்தால்தான் அது சோதனை ஆகும். 1987–88-இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே, ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் நீரோட்டம் பார்ப்பவர்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். அந்தத் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்த ஜிம் என்ரைட், முடிவுகள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாக இல்லை என்று காட்டினார். பாறைப் பகுதியில் கிணறு போடுபவர்கள், நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அது எங்கே எளிதாகப் பாய்கிறது என்று அளக்கும் மின்தடை ஆய்வுக்குச் செலவழிப்பது நல்லது.

கேள்வி: ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும்போது தெளிந்திருக்கும் நீர், குடத்தில் வைத்த சில மணி நேரத்தில் மஞ்சளாகி, அடியில் துரு நிறத்தில் வண்டல் படிகிறது. மேலே எண்ணெய் போல ஒரு படலமும் மிதக்கிறது. மோட்டாரிலிருந்து எண்ணெய் கசிகிறதா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கீறிப் பாருங்கள். எண்ணெய் என்றால் கீறிய இடம் உடனே கூடிக்கொள்ளும். கண்ணாடிச் சில்லு போல உடைந்து, துண்டுகள் தனித்தனியே மிதந்தால், அது இரும்பைச் சார்ந்து வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய படலம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டாவதாகவே இருக்க வேண்டும்.

நிலத்தடியில் காற்றுப்படாத ஆழத்தில் இரும்பு, கரையும் வடிவத்தில் நீரோடு கலந்திருக்கிறது. அப்போது நிறம் தெரியாது. நீர் வெளியே வந்து ஆக்சிஜன் பட்டதும் அது கரையாத வடிவத்துக்கு மாறித் துருவாகப் படிகிறது. முதல் பதிலில் சொன்ன மென்னீர் பெரும்பாலும் சற்றே அமிலத்தன்மை உடையது என்பதால், இரும்புக் குழாயையும் அது மெல்ல அரிக்கும். ஆகவே இரும்பு பாறையிலிருந்து வருகிறதா, உங்கள் குழாயிலிருந்து வருகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பத்து நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு எடுத்த நீரும், இரவு முழுவதும் குழாயில் தேங்கி நின்ற காலை நீரும் ஒரே அளவில் துருப்பிடிக்கின்றனவா என்று இரண்டு பாட்டில்களில் பிடித்து ஒப்பிடுங்கள். காலை நீர் மட்டும் மோசமாக இருந்தால் குழாயை மாற்றினால் போதும். இரண்டும் ஒன்றாக இருந்தால், நீரைப் பூவாளி போன்ற துளைகள் வழியே தொட்டியில் விழச் செய்து, சில மணி நேரம் தெளியவிட்டு, மணல் வடிகட்டியில் செலுத்துங்கள். விலையுயர்ந்த இயந்திரத்தை விற்க வருபவரிடம் இந்த ஒப்பீட்டுக்குப் பிறகு பேசுவது உங்கள் பணத்துக்கு நல்லது.

கேள்வி: எங்கள் ஊருணியை ஊர்ப் பணத்தில் பொக்லைன் வைத்து ஆழமாகத் தூர்வாரினோம். அடியில் செந்நிறச் சரளை தெரியும் வரை எடுத்தோம். முன்பு சித்திரை வரை கிடந்த நீர் இப்போது தைக்குள் வற்றிவிடுகிறது. ஆழப்படுத்தினால் நீர் கூடத்தானே வேண்டும்?
– வாசகர், கண்டனூர்

பதில்: 'செந்நிறச் சரளை தெரியும் வரை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தவறு அந்த வரியில்தான் இருக்கிறது.

செம்புறாங்கல் நிலத்தில் ஊருணி வெட்டியவர்கள் எதிர்கொண்ட முதல் சிக்கல் அந்தக் கல்லின் துளைகள். புழு அரித்ததுபோல் ஓடும் அந்தத் துளைகளின் வழியே நீர் கீழே போய்விடும். ஊருணிக்குள் நீர் நின்றதற்குக் காரணம், வரத்துக்காலில் ஆண்டுதோறும் வந்த நுண்ணிய களி தலைமுறை தலைமுறையாக அடியில் படிந்து, துளைகளை அடைத்து, ஒரு பூச்சாக நின்றதுதான். கைமண்வெட்டியால் வேலை செய்தவர்கள், மேலே கிடக்கும் தளர்ந்த கரிய வண்டலை வயலுக்கு எருவாக அள்ளிக்கொண்டு, மண்வெட்டி வழுக்கும் சாம்பல் நிறக் களி தென்பட்டதும் நிறுத்திவிடுவார்கள். இயந்திரத்தின் கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒப்பந்தக்காரருக்குக் கன அடிக் கணக்கில் கூலி என்றால் அவருக்குத் தெரிந்தாலும் பயனில்லை.

இழப்பு எவ்வளவு என்பதை நீங்களே அளந்துவிடலாம். ஊருணிக்குள் அளவு குறித்த ஒரு கம்பை நடுங்கள். வாயகன்ற, ஆழமான ஓர் அண்டாவில் அதே நீரை நிரப்பிக் கரையில் வெயில் படும்படி வையுங்கள். மழையில்லாத ஒரு வாரத்துக்கு, நாள்தோறும் ஒரே நேரத்தில் இரண்டிலும் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அண்டாவில் இறங்குவது ஆவியாவது மட்டும். நம் வெயிலில் அது நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும், கோடையில் இன்னும் கூடும். கரையில் வைத்த அண்டா சுடும் என்பதால் அதில் ஊருணியைவிடச் சற்று அதிகமாகவே ஆவியாகும். அப்படியும் ஊருணி மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கினால், மிச்சம் அத்தனையும் அடியில் போகிறது என்று பொருள்.

சரிசெய்ய வழி உண்டு. கோடையில் ஊருணி வற்றியிருக்கும்போது, அருகிலுள்ள கண்மாயின் களிமண்ணை உரிய அனுமதியோடு கொண்டுவந்து, ஒரே தடவையில் கொட்டாமல் கையகல அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் ஈரம் விட்டு மிதிக்க வேண்டும். உருளை இயந்திரம் ஓட்டலாம். ஆட்டு மந்தையை ஓட்டிவிட்டாலும் வேலை நடக்கும். மூன்று அடுக்காவது வேண்டும். களி காய்ந்து வெடித்துவிடாமல் முதல் மழை வரை ஈரம் காக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஊரார் கூடி ஒன்றை முடிவு செய்ய வேண்டும். அடியில் போகும் நீர் வீணாவதில்லை. அது சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போகிறது. வீடுதோறும் மோட்டார் இருக்கும் ஊரில், ஒரு ஊருணியைக் களி பூசி நீர் நிறுத்துவதற்கும், இன்னொன்றை வேண்டுமென்றே ஊற விடுவதற்கும் இடமுண்டு. ஒன்றுக்கு மேல் ஊருணி உள்ள ஊராக இருந்தால், கோயிலை ஒட்டிய ஊருணியைப் பூசிவிட்டு மற்றதை ஊற்றுக்கு விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி: ஓர் ஆய்வு மாணவர் எங்கள் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து பாட்டிலில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீர் பிடித்துக்கொண்டு போனார். தண்ணீரின் வயதைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். தண்ணீருக்கு வயது உண்டா?
– வாசகர், கல்லல்

பதில்: உண்டு. ஆனால் பிறந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் காற்றின் தொடர்பை இழந்த நாளிலிருந்து எண்ணுவது.

நீரில் மிகச் சிறிய அளவில் டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் உண்டு. அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் டிரிட்டியம் பல மடங்கு உயர்ந்து, 1963-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பின் குறைந்தது. ஒரு கிணற்று நீரில் டிரிட்டியம் அளக்கும்படி இருந்தால், அதில் ஒரு பங்காவது அந்தச் சோதனைகளுக்குப் பிறகு பெய்த மழை. சிறிதும் இல்லையென்றால் நீர் அதைவிடப் பழையது. அப்போது அரை ஆயுள் 5,730 ஆண்டுகள் கொண்ட கார்பன்-14-ஐ நாடுவார்கள். நீரில் கரைந்திருக்கும் கார்பனேட்டில் அது இருக்கும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்தகைய ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. நெய்வேலிப் பகுதியில் இதே கடலூர் மணற்கல்லின் ஆழ்நீரைச் சோதித்தபோது, மணற்கல் வெளியே தெரியும் மேற்குப் பகுதியிலிருந்து கடலை நோக்கிப் போகப் போக நீரின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறுவது தெரிய வந்தது.

குமிழி இல்லாமல் பிடித்ததற்குக் காரணம் வேறு. ஆக்சிஜனில் எடை கூடிய வகை ஒன்றும், ஹைட்ரஜனில் எடை கூடிய வகை ஒன்றும் உண்டு. நீர் ஆவியாகும்போது எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் கிளம்பிவிட, எடை கூடியவை பின்தங்குகின்றன. பாட்டிலில் காற்று இருந்தால் உள்ளேயே ஆவியாதல் நடந்து கணக்கு கெட்டுவிடும். எடை கூடியவைக்கும் குறைந்தவைக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு, உங்கள் கிணற்று நீர் மழையாக நேரே இறங்கியதா, அல்லது கண்மாயில் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து பிறகு ஊறியதா என்று சொல்லிவிடலாம். கண்மாய் நீரென்று வந்தால், கண்மாயைப் பட்டா போட்டால் உங்கள் கிணறு என்னவாகும் என்பதற்கும் அதுவே விடை.

அந்த மாணவரின் முடிவு வந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீர் இளையது என்று வந்தால், ஐப்பசி, கார்த்திகை மழை தவறாதவரை உங்கள் கிணறு தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும். பல ஆயிரம் ஆண்டு என்று வந்தால், நீங்கள் இறைப்பது வட்டியை அல்ல, முதலை; வட்டிக்கணக்கு பார்த்து வளர்ந்த நம் பக்கத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கேள்வி: தைல மரம் வந்த பிறகு எங்கள் கண்மாய்கள் நிறைவதே இல்லை. மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்கிறார்கள். வனத்துறையைச் சேர்ந்தவர்கள் அது வதந்தி என்கிறார்கள். எது உண்மை?
– வாசகர், அரிமளம்

பதில்: இரண்டு தரப்பும் பாதி உண்மையைச் சொல்கின்றன. கர்நாடகத்தில் இயான் கால்டர் தலைமையிலான குழு 1980-களின் இறுதியிலிருந்து தைல மரத்தோட்டம், இயற்கைக் காடு, கேழ்வரகு வயல் மூன்றையும் அருகருகே வைத்து அளந்தது. ஏறத்தாழ 3 மீட்டர் மண் உள்ள இடத்தில், தைல மரம் செலவிட்ட நீர் அங்கே பெய்த மழைக்குச் சமமாக இருந்தது. இயற்கைக் காடு செலவிட்டதைவிட அது அதிகமில்லை. ஆனால் கேழ்வரகு வயலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 8 மீட்டர் அளவுக்கு ஆழமான மண் உள்ள இடத்தில், பெய்த மழையைவிட அதிகமாகவே மரம் செலவிட்டது. அதாவது முன்பே மண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையும் வேர் எடுத்துக்கொண்டது. மண்ணின் ஆழத்தைச் சொல்லாமல் 'உறிஞ்சுகிறது' என்றோ 'இல்லை' என்றோ வாதாடுவதில் பயனில்லை.

உங்கள் கண்மாய் நிறையாததற்கு வேர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தோட்டங்களில் மழைநீர் வெளியே போகாமல் சரிவுக்குக் குறுக்கே எழுப்பிய வரப்புகளையும் வெட்டிய குழிகளையும் போய்ப் பாருங்கள். கண்மாய்க்கு நீர் வருவது அந்த மேட்டு நிலத்தின் ஓட்டத்தால். அதை அங்கேயே மறித்துவிட்டால், வரத்துக்காலை எத்தனை முறை தூர்வாரினாலும் நீர் வராது. மரத்தை அகற்றுவது நீண்ட வழக்காகலாம்; வரத்துக்கால் தொடங்கும் இடங்களில் மட்டும் வரப்பைத் திறந்துவிடக் கேட்பது எளிதான கோரிக்கை. வருவாய்த்துறை வரைபடத்தில் அந்த ஓடை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேட்டங்குடியில் ஆயிரக்கணக்கான பறவைகள் எச்சமிடுகின்றன. அந்தக் கண்மாய் நீர் கெட்டுப்போகாதா?
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: குடிப்பதற்குக் கெட்டது, வயலுக்கு நல்லது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களில் நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம், அரிவாள் மூக்கன் எல்லாம் கூடு கட்டுகின்றன. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி. சுற்றியுள்ள வயல்களில் அவை மேய்ந்த மீனும் நத்தையும் இவ்வாறு சத்தாக ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. நீர் நிறைந்திருக்கும்வரை பாசியும் மீனும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கண்மாய் சுருங்கும் கோடையில்தான் பாசி மிகுந்து, இரவில் நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். கண்மாயை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்விக வீட்டின் கூரை 3,000 சதுர அடி இருக்கும். அந்த மழைநீரை நேராக ஆழ்துளைக் கிணற்றுக்குள் விட்டுவிடலாமா?
– வாசகர், சென்னை (சொந்த ஊர் பள்ளத்தூர்)

பதில்: கூடாது. கூரையில் கிடக்கும் பறவை எச்சமும் தூசியும் சருகும் நிலத்தடி நீருக்குள் நேராகப் போய்விடும். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், உங்கள் கூரையில் விழுவது சுமார் 2.5 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் போனாலும் 2 லட்சம் மிஞ்சும். நால்வர் உள்ள குடும்பம் ஆளுக்கு 100 லிட்டர் செலவழித்தாலும் ஓராண்டுக்கு மேல் வரும். வீட்டில் ஆள் இருந்த காலத்தில், முற்றத்துக் கூரையிலிருந்து விழும் நீரைக் கிடாரத்தில் பிடித்துவைத்தார்கள். பூட்டிய வீட்டில் தொட்டி கட்டினால் கழுவ ஆளிருக்காது. எனவே முற்றத்து நீர் வெளியேறும் வழியில் ஒரு குழி வெட்டி, அடியில் கருங்கல் ஜல்லி, நடுவில் சிறு ஜல்லி, மேலே ஆற்று மணல் நிரப்பி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தும் கழிவறைத் தொட்டியிலிருந்தும் நன்கு தள்ளி அமையுங்கள். உங்கள் பகுதியின் செம்புறாங்கல் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேல் மணலை ஆண்டுக்கொரு முறை, புரட்டாசியில், சுரண்டி மாற்றச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி வையுங்கள்.